முப்பது கிலோவும் ஒரு தட்டச்சுப் பொறியும்

சட்டக் கல்லூரியில் தொழிலாளர் சட்டம் பாடமாக வந்த ஆண்டு அது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 34. காயம் உண்டாக்கக்கூடிய அளவு கனமான எந்தச் சுமையையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ ஒருவரை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது அந்தப் பிரிவு. எத்தனை கிலோ வரை என்பதை ஆண், பெண், வளரிளம் பருவத்தினர், குழந்தை என்று பிரித்து மாநில அரசுகள் விதியாக எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தது. எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்த விதி அட்டவணையில் வயது வந்த பெண்ணுக்கு 30 கிலோ என்று இருந்தது. அடிக்கோடு போட்டுக்கொண்டேன். அன்று இரவு விடுதியில் இருந்து அம்மாவுக்குப் போன் செய்தபோது பெரிய கண்டுபிடிப்பு போல அதைச் சொன்னேன்.

அம்மா சிரித்தார். "முப்பதா? எந்தக் கிட்டங்கில தாயி முப்பது கிலோவுல சிப்பம் போடுறாக?"

விருதுநகரில் ஒரு பருப்புக் கிட்டங்கியில் அம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். குடோன், கிடங்கு என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், எங்களுக்குக் கிட்டங்கி. அம்மாவின் வேலைக்குக் கணக்கு நோட்டில் இருந்த பெயர் 'பொறுக்குறது'. உளுந்தில் கல், உடைசல், பூச்சி அரித்தது எல்லாவற்றையும் பிரித்துப் புடைத்து எடுக்க வேண்டும். ஆனால் பொறுக்குவதற்கு உளுந்து தானாக நடந்து வராது. மூட்டையை இழுத்து வந்து கொட்ட வேண்டும். பொறுக்கியதைத் திரும்பச் சாக்கில் பிடித்து, தைத்து, தராசில் ஏற்றி, இறக்கி, அட்டி போடும் இடம் வரை கொண்டுபோய் விட வேண்டும். லாரியில் லோடு ஏற்றும் ஆண்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. அவர்கள் தூக்குவது ஒவ்வொன்றும் எண்ணப்பட்டது. பெண்களுக்கு நாள் கூலி. அவர்கள் தூக்கியதை யாரும் எண்ணவில்லை, ஏனென்றால் அவர்கள் தூக்குவதற்காக வேலைக்கு வைக்கப்பட்டவர்கள் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளில் அம்மா எத்தனை 50 கிலோ மூட்டைகளை இன்னொரு அக்காவோடு ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கியிருப்பார், எத்தனை முறை சும்மாட்டைச் சுற்றித் தலையில் ஏற்றிவிடச் சொல்லித் தனியாகச் சுமந்திருப்பார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அந்த அட்டவணையின் 30 கிலோ ஆரம்பத்தில் எனக்கு ஒரு கேலியாகத்தான் பட்டது. பிறகுதான் அந்த எண்ணுக்குப் பின்னால் நீண்ட வரலாறு ஒன்று இருப்பது தெரிந்தது. அதில் நம்மைப் போன்ற பெண்கள் இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சட்டத்தின் மொழியில் ஒரு சின்ன விஷயம். பிரிவு 34இன் ஆங்கில மூலத்தில் சுமை தூக்கும் 'நபர்' அடுத்த வரியிலேயே 'அவன்' ஆகிவிடுகிறார். சட்ட மொழியில் 'அவன்' என்றால் 'அவளும்' அடக்கம் என்று வகுப்பில் சொல்லித்தருவார்கள். சரி, அடக்கம்தான். ஆனால் அதற்கடுத்த உட்பிரிவில் 'பெண்கள்' என்ற சொல் தனியாக வந்து, குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. 1967இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த அதிகபட்ச எடை பற்றிய உடன்படிக்கையும் இதே வரிசையில்தான் யோசித்தது. ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதனுடன் வந்த பரிந்துரை சொன்னது. பெண்களுக்கும் இளையவர்களுக்கும் அதைவிட கணிசமாகக் குறைவாக இருக்க வேண்டும் என்றது உடன்படிக்கை. அளவுகோல் ஆணின் உடல். மற்ற எல்லோரும் அதிலிருந்து கழித்துப் பெறப்படுபவர்கள்.

இந்தக் கழித்தல் கணக்கு எங்கே தொடங்கியது என்று தேடினால் பல நாடுகளுக்குப் போகலாம். வழக்குகளின் வழியாக நன்றாகத் தெரிவது அமெரிக்கக் கதை. 1905இல் அங்கே உச்ச நீதிமன்றம், ரொட்டி சுடும் தொழிலாளர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து மணி நேர வேலைதான் என்று நியூயார்க் மாநிலம் போட்ட சட்டத்தைச் செல்லாது என்றது. முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தில் அரசு தலையிடக் கூடாதாம். மூன்றே ஆண்டுகளில், 1908இல், சலவைக் கூடத்தில் பெண்களுக்குப் பத்து மணி நேரம்தான் என்று ஆரிகன் மாநிலம் போட்ட சட்டம் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அது செல்லும் என்று தீர்ப்பு. அந்த வழக்கில் அரசுத் தரப்புக்காக லூயி பிராண்டைஸ் தாக்கல் செய்த வாதம் நூறு பக்கங்களுக்கு மேல் இருந்தது. சட்ட வாதம் அதில் இரண்டு பக்கம்தான். மீதியெல்லாம் நீண்ட நேர உழைப்பு பெண்ணுடலை என்ன செய்கிறது என்று மருத்துவர்களும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் எழுதியவற்றின் தொகுப்பு. அதைத் திரட்டியவர் ஜோசஃபின் கோல்ட்மார்க். வரலாற்றில் அது 'பிராண்டைஸ் வாதம்' என்றே பெயர் பெற்றது. நூலகங்களில் உட்கார்ந்து திரட்டிய பெண்ணின் பெயர் அதில் ஒட்டவில்லை.

கோல்ட்மார்க்கும் அவருடன் வேலை செய்த ஃபுளோரன்ஸ் கெல்லியும் என்ன நினைத்திருப்பார்கள் என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. எல்லோருக்கும் பாதுகாப்பு கேட்டால் நீதிமன்றம் கதவைச் சாத்துகிறது. பெண்களுக்கு என்று கேட்டால் ஒரு சாளரமாவது திறக்கிறது. முதலில் பெண்களைக் காப்போம், பிறகு அதே வழியில் ஆண்களையும் கூட்டி வருவோம். ஓரளவு அப்படி நடக்கவும் செய்தது. 1917இல் அதே ஆரிகனில் ஆண்களுக்கும் பொருந்திய பத்து மணி நேரச் சட்டத்தை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் 1908 தீர்ப்பு தன் முடிவுக்குச் சொன்ன காரணம், பெண்ணின் உடலமைப்பும் தாய்மைப் பொறுப்பும் அவளை ஆணிடமிருந்து வேறுபடுத்துகின்றன, ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான தாய் வேண்டும் என்பது. அந்தக் காரணம் தீர்ப்பைவிட நீண்ட நாள் உயிரோடு இருந்தது.

அடுத்த அரை நூற்றாண்டில் பல மாநிலங்கள் பெண்கள் தூக்கக்கூடிய எடைக்கு வரம்பு போட்டன. ஜார்ஜியாவில் 30 பவுண்டு, அதாவது பதினான்கு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஒரு தவலைத் தண்ணீரின் எடைதான். மூன்று வயதுப் பிள்ளையின் எடை என்றும் சொல்லலாம். எந்த மாநிலமும் பெண்கள் வீட்டில் பிள்ளையைத் தூக்கக் கூடாது என்று விதி எழுதவில்லை.

லொரீனா வீக்ஸின் கதை இங்கேதான் வருகிறது. ஜார்ஜியாவில் சதர்ன் பெல் தொலைபேசி நிறுவனத்தில் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளாக வேலை செய்தவர் அவர். 1966இல் இணைப்பகத்தில் கருவிகளைப் பராமரிக்கும் வேலைக்கு விண்ணப்பித்தார். அந்த வேலையின் பெயரே ஆங்கிலத்தில் 'மேன்' என்று முடியும். அவர் பார்த்துக்கொண்டிருந்த வேலையைவிடச் சம்பளம் நன்றாக இருந்தது. நிறுவனம் மறுத்தது. அந்த வேலையில் 31 பவுண்டு எடையுள்ள ஒரு சோதனைக் கருவியைத் தூக்க வேண்டியிருக்கும், பெண்ணுக்கு 30 பவுண்டுதான் சட்டம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்றது. ஒரு பவுண்டு வித்தியாசம்!

இதில் வேடிக்கை என்னவென்றால், எழுத்தர் வேலையில் அவர் தினமும் மேசைக்குத் தூக்கி வைத்து, பிறகு எடுத்து வைக்க வேண்டியிருந்த தட்டச்சுப் பொறியின் எடை 34 பவுண்டு. சட்டம் 30 பவுண்டுதான் என்கிறது, இதை நான் தூக்க மாட்டேன் என்று ஒருநாள் மறுத்தார் லொரீனா. அவரை வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கினார்கள். குறைந்த கூலி வேலையில் 34 பவுண்டு யார் கண்ணிலும் படவில்லை. கூடுதல் கூலி வேலையில் 31 பவுண்டு மாநிலத்துக்கே பெரிய கவலையாகிவிட்டது. என் அம்மாவின் கணக்கு நோட்டும் இதைத்தான் செய்தது.

கீழ் நீதிமன்றத்தில் லொரீனா தோற்றார். மேல்முறையீட்டில் அவருக்காக வாதாடியவர் சில்வியா ராபர்ட்ஸ் என்ற வழக்கறிஞர், மிகச் சிறிய உருவம். நீதிபதிகள் முன்னால் அந்த வேலைக்கான சாதனத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே வாதாடினார் என்று சொல்வார்கள். 1969இல் தீர்ப்பு வந்தது. கடினமான, ஆபத்தான, சலிப்பூட்டும் வேலைகளை அதிகப் பணத்துக்காக ஏற்பதா வேண்டாமா என்று ஆண்கள் எப்போதும் தாங்களே முடிவு செய்துவந்திருக்கிறார்கள், அந்த முடிவைப் பெண்களுக்காக வேறு யாரும் எடுக்கத் தேவையில்லை என்பது அதன் சாரம். 1971இல் லொரீனாவுக்கு அந்த வேலையும் பழைய சம்பளப் பாக்கியும் கிடைத்தன.

நான் இந்தத் தீர்ப்பை முதலில் படித்தபோது கொண்டாடினேன். இரண்டாம் முறை படித்தபோது ஒரு இடத்தில் தயங்கினேன். ஆபத்தை ஏற்பதா என்று ஆண்கள் 'எப்போதும் தாங்களே முடிவு செய்துவந்தார்கள்' என்ற வாக்கியம்தான் அந்த இடம். எந்த ஆண்? எங்கள் ஊரில் லோடு ஏற்றிய மாமாக்கள் 100 கிலோ மூட்டையை முதுகில் வாங்கியபோது முடிவு செய்தா வாங்கினார்கள்? சர்க்கரையும் தானியமும் அன்று 100 கிலோ சாக்கில்தான் வந்தன. நாற்பது வயதில் அவர்களில் பாதிப் பேருக்கு முதுகு போய்விட்டது. இரண்டு பேர் குனிந்தபடியேதான் கடைசி வரை நடந்தார்கள். அவர்கள் மனைவிகளில் ஒருத்தி பொறுக்க வந்தாள். ஆண் உடைந்த பிறகு அந்த வீட்டைத் தூக்கியது அவள்தான்.

சமத்துவம் என்றால் ஆண்களின் ஆபத்தில் நமக்கும் பங்கு என்பதாக மட்டும் இருந்துவிட்டால் நமக்கு அதில் என்ன லாபம்? அமெரிக்கத் தொழிற்சங்கப் பெண்கள் பலர் சம உரிமைத் திருத்தத்தை 1923 தொடங்கிப் பல பத்தாண்டுகள் எதிர்த்ததற்கு இந்தப் பயம்தான் காரணம். அவர்களைப் பிற்போக்குவாதிகள் என்று எழுதிவிட்டுப் போகிற பெண்ணிய வரலாறுகளோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் சலவைக் கூடத்தையும் பஞ்சாலையையும் பார்த்தவர்கள்.

லொரீனா வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஜார்ஜியா தன் விதியை மாற்றிக்கொண்டது. 30 பவுண்டு போய்விட்டது. உளைச்சலும் மிதமிஞ்சிய களைப்பும் வராதபடி, ஆணானாலும் பெண்ணானாலும் தூக்கும் எடையை ஆளுக்கு ஏற்றபடி வரையறுக்க வேண்டும் என்று வந்தது. நல்ல வாக்கியம்தான். ஆனால் எண் இல்லாத வாக்கியம். எண் இல்லாவிட்டால் மேஸ்திரி சொல்வதுதான் அளவு.

எண்ணை வேறு விதமாகத் தேடியவர்களும் இருந்தார்கள். 1978இல் ஸ்டோவர் ஸ்னூக்கும் இரண்டு பேரும் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். முதுகு வலி வராமல் தடுக்க நிறுவனங்கள் மூன்று வழிகளை நம்பின. வலுவான ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது. 'முட்டியை மடக்கு, முதுகை வளைக்காதே' என்று தூக்கக் கற்றுக்கொடுப்பது. வேலையையே ஆளுக்கு ஏற்றபடி மாற்றி அமைப்பது. முதல் இரண்டாலும் காயங்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது வழியில் மூன்றில் ஒரு பங்கு வரை தவிர்க்க முடியும் என்று அவர்கள் கண்டார்கள். இதைப் பெண்ணியப் பாடமாக வாசிக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆளைத் தேர்ந்தெடுப்பது என்றால் நடைமுறையில் பெண்ணை விலக்குவது. கற்றுக்கொடுப்பது என்றால் அடிபட்டால் நீ சரியாகத் தூக்கவில்லை என்று பழி சொல்வதற்கான ஏற்பாடு. 'பார்த்துத் தூக்கியிருக்கக் கூடாதா?' என்ற கேள்வியை, 'பார்த்துப் போயிருக்கக் கூடாதா?' என்று வேறு விஷயங்களில் கேட்டுப் பழகிய நமக்கு அடையாளம் தெரியாமல் போகாது.

1981இல் அமெரிக்காவின் தொழில்சார் ஆரோக்கிய ஆய்வு நிறுவனமான நயோஷ், தூக்கும் வேலைக்கு ஒரு சூத்திரம் வெளியிட்டு, 1991இல் அதைத் திருத்தியது. அதன் தொடக்க எண் 23 கிலோ. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இல்லை. அந்த 23கூட எல்லாம் சாதகமாக இருந்தால்தான். சுமை உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்தில், கை தொங்கும் உயரத்தில், அதாவது தரையிலிருந்து 75 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். இடுப்பைத் திருப்பக் கூடாது. நல்ல பிடி வேண்டும். எப்போதாவது மட்டும் தூக்க வேண்டும். இவற்றில் ஒவ்வொன்று தவறும்போதும் எண் சரியும். அதே சுமையை 50 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 23 பாதியாகிப் பதினொன்றரை. பக்கவாட்டில் 90 பாகை திரும்பி வைத்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். தரையிலிருந்து தூக்கினால், நிமிடத்துக்குப் பல முறை தூக்கினால் இன்னும் கீழே. சாக்குக்குப் பிடி கிடையாது, அதற்கும் கழிக்க வேண்டும்.

அம்மாவின் வேலையை இதில் போட்டுப் பார்த்தேன். தரையில் கிடக்கும் 50 கிலோ சாக்கு, கொழுத்த வயிறு போல உப்பி உடம்பிலிருந்து தள்ளி நிற்கும். தராசில் வைக்கத் திரும்ப வேண்டும். இரண்டு பேர் தூக்கினாலும் ஆளுக்கு 25 கிலோ. தொடக்க எண்ணையே தாண்டிவிட்டது. கழித்தல்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்தக் கணக்கு வெறும் தண்டனைக் கணக்கு இல்லை. எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. மூட்டையின் எடையைக் குறை. தரையில் வைக்காதே, இடுப்பளவு மேடையில் வை. லாரித் தட்டும் கிட்டங்கித் தளமும் ஒரே மட்டத்தில் இருந்தால் தூக்கவே வேண்டாம், தள்ளினால் போதும். நான்கு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று வாங்கு. ஒவ்வொரு சாக்கிலும் எடையை எழுது. இந்தக் கடைசி யோசனை மிகப் பழையது. கப்பலில் ஏற்றும் ஒரு டன்னும் அதற்கு மேலும் எடையுள்ள சிப்பங்களில் எடையை எழுத வேண்டும் என்று 1929லேயே சர்வதேச உடன்படிக்கை வந்தது, இந்தியாவிலும் 1951இல் அதற்கென ஒரு சட்டம் போட்டார்கள். கிரேனுக்கு எடை தெரிய வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியிருக்கிறது. முதுகுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றவில்லை.

அமெரிக்காவில் இந்த அறிவு சட்டமாவதற்குப் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990இல் தொழிலாளர் துறைச் செயலராக இருந்த எலிசபெத் டோல் தொடங்கிவைத்த முயற்சி, பத்து ஆண்டுகள் இழுத்து, 2000 நவம்பரில் விதியாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றமும் புதிய குடியரசுத் தலைவரும் சேர்ந்து அதை ரத்து செய்தார்கள். 2021இல் கலிஃபோர்னியா பெரிய கிடங்குகளுக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது. மணிக்கு இத்தனை பொருள் எடுக்க வேண்டும் என்ற இலக்கைத் தொழிலாளிக்கு எழுத்தில் தர வேண்டும், சாப்பாட்டு இடைவேளையையும் கழிப்பறைக்குப் போவதையும் தடுக்கிற மாதிரி இலக்கு வைக்கக் கூடாது என்கிறது அது. கழிப்பறை என்ற சொல் ஒரு கிடங்குச் சட்டத்தில் இடம்பெற இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நம் நாட்டில் கதை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது. 1971இல் அகமதாபாத் துணிச் சந்தையில் மொத்தக் கடைகளுக்கும் சில்லறைக் கடைகளுக்கும் இடையே தலைச்சுமையாகத் துணிக்கட்டுகளைச் சுமந்த பெண்கள் எலா பட்டிடம் வந்தார்கள். பலர் பிழைக்க வந்து தெருவோரம் தங்கியவர்கள். எவ்வளவு எடை, எவ்வளவு தூரம் என்று கணக்கில்லாமல், வியாபாரி கொடுத்ததுதான் கூலி. எலா பட் இதைப் பத்திரிகையில் எழுதினார். கோபப்பட்ட வியாபாரிகள், நாங்கள் நியாயமான கூலிதான் தருகிறோம் என்று தாங்கள் கொடுப்பதாகச் சொன்ன விகிதங்களைப் போட்டுப் பதில் எழுதினார்கள். பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தப் பதிலையே அட்டைகளாக அச்சடித்து, சுமக்கும் பெண்களிடம் கொடுத்துவிட்டார்கள். பேரம் பேசும்போது நீட்டுவதற்கு! அந்த ஆண்டு டிசம்பரில் சேவா அமைப்பு உருவானது. தொழிற்சங்கமாகப் பதிவு செய்யப் போனபோது, உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம் என்று தொழிலாளர் துறை கேட்டது. வாதாடி 1972இல் பதிவு வாங்கினார்கள்.

அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. வெறுமனே பொருளைச் சேமித்து வைக்கும் கிடங்கு தொழிற்சாலைகள் சட்டத்தின்படி தொழிற்சாலையாகவே கருதப்படவில்லை. பொறுக்குவதும் சிப்பம் போடுவதும் நடந்தால் கருதப்பட்டது, ஆனால் மின்சாரம் பயன்படுத்தினால் பத்துப் பேர், இல்லாவிட்டால் இருபது பேர் வேண்டியிருந்தது. அம்மாவின் கிட்டங்கியில் எப்போதும் ஏழு பேர், எட்டுப் பேர். ஆய்வாளர் வர வேண்டியதே இல்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடு 1982இல் தனிச் சட்டம் கொண்டுவந்ததும், அதன் வழியே நலவாரியம் வந்ததும் உண்மையிலேயே பெரிய விஷயம். பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, இறப்புக்கு உதவித்தொகை உண்டு. நானே அந்தக் கல்வி உதவியில் படித்தவள். ஆனால் அது காயம்பட்ட பிறகும் செத்த பிறகும் வருகிற பணம். மூட்டையை அது இலேசாக்கவில்லை.

அம்மாவுக்கு நாற்பத்தாறு வயதில் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. ஏழு ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை. பழைய சேலைத் துணியைக் கோவணம் போல இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கிட்டங்கியில் மற்ற அக்காக்களுக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களில் இரண்டு பேருக்கும் அதே பிரச்சினை. நான் கல்லூரி முடித்து வந்த பிறகுதான் ஒரு மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். மருத்துவர், பிள்ளை எத்தனை என்று கேட்டார். மூன்று. சுகப்பிரசவமா? ஆமாம். எழுதிக்கொண்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை. 1700ஆம் ஆண்டில் ராமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் தொழில் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சுமைதூக்கிகளைப் பற்றியும் அதில் ஒரு அத்தியாயம் உண்டு. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று அவர் சொன்னார். முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன.

பிரசவத்தால் வந்தது என்று சீட்டில் எழுதிவிட்டால், அது கிட்டங்கியின் பொறுப்பில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழில் நோய்களுக்கு ஒரு அட்டவணை இருந்தது. ஈயம், பாதரசம், நுரையீரல் தூசு எல்லாம் அதில் இருந்தன. கர்ப்பப்பை இறக்கம் இல்லை. பெண்ணைச் சுமை தூக்கவிடக் கூடாது என்பதற்குக் காரணம் தேடியபோது உலகெங்கும் நீதிமன்றங்களுக்கு அவளுடைய கர்ப்பப்பை நினைவுக்கு வந்தது. தூக்கித் தூக்கி அது இறங்கியபோது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

ஆனாலும் இந்த மண்ணில் ஒரு காலத்தில் யாருக்கோ நினைவுக்கு வந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியது. தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல், குனியாமல், சுமையை அதன்மேல் தள்ளி வைத்து இளைப்பாறலாம். திரும்ப எடுக்கும்போதும் தரையிலிருந்து தூக்க வேண்டாம். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகக் குடும்பத்தார் அதை நடுவது வழக்கம். சுமையை இறக்கி வைக்காமலே போனவள், பிறர் சுமையாவது இறங்கட்டும் என்று. இதை நான் அதிகம் புகழ விரும்பவில்லை. அவள் உயிரோடு இருந்தபோது யாரும் அவளுக்கு ஒரு கல்லை நடவில்லை. ஆனால் நயோஷ் சூத்திரத்தில் உயரத்துக்கு இருக்கும் இடம், அந்தக் கல்லைத் தோள் உயரத்துக்கு நட்டவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அம்மாவின் கிட்டங்கிப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. உடைந்த மரப்பெட்டிகளை அடுக்கித் தராசுக்குப் பக்கத்தில் ஒரு மேடை செய்தார்கள். சாக்கை அதன்மேல் வைத்தே பிடித்துத் தைத்து, அப்படியே தராசுக்குத் தள்ளினார்கள். அண்ணாச்சி அதை இரண்டு முறை அடைசல் என்று எடுத்துப் போடச் சொன்னார். மூன்றாம் முறை விட்டுவிட்டார். பிறகு 25 கிலோ சிப்பமாகப் போடச் சொல்லிக் கேட்டார்கள். சாக்குச் செலவு இரட்டிப்பாகும் என்று அது நடக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து சூப்பர் மார்க்கெட்காரர்கள் கேட்டபோது 25 கிலோ சிப்பம் வந்தது.

இந்திய நீதிமன்றங்களிலும் லொரீனாவின் கதை ஒரு விதத்தில் நடந்தது. பெண்களை இரவு நேர வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைகள் சட்டப் பிரிவு 66ஐ எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. பாதுகாப்பு, போக்குவரத்து, தனி ஓய்வறை எல்லாவற்றையும் நிபந்தனையாக வைத்தது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, சம்மதத்தின் பேரில் பெண்கள் எல்லா வகை வேலைகளிலும் இரவிலும் வேலை செய்யலாம் என்கிறது. கதவு திறந்தது சரி. உள்ளே இருக்கும் மூட்டை எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. 2021இல் தமிழ்நாடு கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. நாள் முழுக்க நிற்க வைக்கப்பட்ட துணிக்கடைப் பெண்கள் முக்காலியில் உட்காரலாம். அந்தச் சட்டம் ஆண், பெண் என்று பிரிக்கவில்லை, இருக்கை எல்லோருக்கும்தான். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது.

போன மாதம் என் சித்தி மகளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கிடங்கில் வேலை கிடைத்தது. வயது இருபத்தொன்று. பார்சல் பிரிப்பது, அடுக்குவது. நியமனக் கடிதத்தை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பி, "அக்கா, படிச்சுப் பாத்துச் சொல்லுக்கா" என்றாள். நான்கு பக்கம். ஷிப்ட் நேரம், பேருந்து வரும் இடம், சீருடைக்குப் பிடித்தம், இரவுப் பணிக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட ஒரு கட்டம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார், ஆங்கிலம் என்பதால் திருப்பிக் கொடுத்தார்.

"எத்தனை கிலோ தூக்கச் சொல்லுவாகன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

திரும்ப முதலிலிருந்து படித்தேன். போட்டிருக்கவில்லை. சித்தி மகளிடம் சொல்லி, அதைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வைத்திருக்கிறேன். நான்தான் எழுதிக் கொடுத்தேன். இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை அவள் சேர வேண்டும்.